மூளை அதிர்வுக்குப் பின் தீராத தலைவலி: தொகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தலையில் அடிபட்டவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகிறார்கள். சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். ரத்தக் கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். ஒரு மாதம் கழிகிறது, இரண்டு மாதம் கழிகிறது, தலைவலி விடவில்லை. எம்ஆர்டி ரயிலில் நின்றால் தலை சுற்றுகிறது. பேரங்காடியின் விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. வீட்டார் கேட்டால் எரிச்சல் வருகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் (அழுத்தம் கூட்டிய மூடிய கூண்டுக்குள் ஆக்சிஜனைச் சுவாசிப்பது), மூளை அலைப் பயிற்சி, நெற்றியில் எண்ணெயை ஒழுகவிடும் சிரோதாரா, கழுத்து எலும்பைச் 'சொடுக்கு' எடுப்பது என்று பத்து முறை, இருபது முறை, நாற்பது முறைத் தொகுப்புகள் விற்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளியை முன்பணமாகக் கட்டிவிட்டு, கடைசியில் பழைய தலைவலியோடு அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குத் திரும்புகிறவர்களைக் காண மனம் வலிக்கிறது. தலைக்காய மறுவாழ்வுத் துறையில் பணிபுரிபவர்கள் என்ற முறையில், பணம் கட்டுவதற்கு முன் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை எழுதுகிறோம்.

விலை அதிகம் என்பது மட்டும் எங்கள் குறையல்ல. தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதையே மூளை அதிர்வு என்கிறோம். அதற்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் தொல்லை ஒரே நோய் அல்ல. கழுத்திலிருந்து வரும் வலி, உட்காதிலிருந்து வரும் சுற்றல், கண்கள் இணைந்து குவியாத கோளாறு, ஒற்றைத் தலைவலி, மாத்திரை அதிகமானதால் வரும் தலைவலி, தூக்கக் கேடு, மனச்சோர்வு, நாள்கணக்கில் படுத்தே இருந்ததால் வந்த உடல் தளர்ச்சி, இவற்றில் இரண்டு மூன்று ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை உண்டு, சிகிச்சையும் வேறு வேறு. வருகிறவர்கள் எல்லோரையும் ஒரே இயந்திரத்துக்குள் அனுப்பும் இடத்தில் இந்தப் பரிசோதனைகள் எதுவும் நடப்பதில்லை. தொகுப்பு முடியும்வரை எளிதில் தீரக்கூடிய கோளாறும் அப்படியே கிடக்கிறது.

முதலில், ஏன் இவ்வளவு பேர் 'எனக்குக் குணமானது' என்று மனமாரச் சொல்கிறார்கள்? மூளை அதிர்வு ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரம், பிள்ளைகளுக்கு நான்கு வாரம் என்பது பொதுவான கணக்கு. அதைத் தாண்டித் தொடர்பவர்களிலும் பலருக்கு அடுத்தடுத்த மாதங்களில் படிப்படியாகக் குறைகிறது. ஆனால் சீராகக் குறைவதில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும், தூக்கம் கெட்டால் மறுவாரம் மோசமாகும். எல்லாவற்றிலும் மோசமான வாரத்தில்தான் ஒருவர் கைப்பேசியில் தேடிப் பார்த்துப் பணம் கட்டுகிறார். அதற்கடுத்த வாரங்கள் எப்படியும் அதைவிடச் சற்று மேலாகவே இருக்கும். அந்தப் பெயர் சிகிச்சைக்குப் போய்விடுகிறது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. சிகிச்சை இல்லாமல் அதே வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று பார்க்க அவருக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

அதைப் பார்ப்பதற்காகவே ஆய்வுகள் நடத்துகிறார்கள். உயர் அழுத்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைவீரர்களிடம் இதை முறையாகச் சோதித்தது. ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2015ல் வந்த ஆய்வில் 72 பேர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் குழுவுக்கு 1.5 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன். இரண்டாம் குழுவுக்கு 1.2 வளிமண்டல அழுத்தத்தில் வெறும் காற்று. இரு குழுவுக்கும் தலா 40 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். அழுத்தம் ஏறும்போது காது அடைப்பது இரண்டிலும் உண்டு என்பதால் தமக்குக் கிடைப்பது எது என்று வீரர்களுக்குத் தெரியாது. மூன்றாம் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். கூண்டுக்குள் போன இரண்டு குழுவுமே மூன்றாம் குழுவைவிடத் தேறின. ஆனால் ஆக்சிஜன் பெற்றவர்களுக்கும் வெறும் காற்று பெற்றவர்களுக்கும் இடையில் வேறுபாடு இல்லை. 2012ல் வெளியான அமெரிக்க ஆகாயப்படை ஆய்விலும் இதுதான் நடந்தது. 50 பேரில் ஒரு பகுதியினருக்கு 2.4 வளிமண்டல அழுத்தத்தில் 30 முறை ஆக்சிஜன் கொடுத்தார்கள், மற்றவர்களை 1.3 அழுத்தத்தில் சாதாரணக் காற்றில் உட்காரவைத்தார்கள். இரு தரப்பும் தேறின, தேறிய அளவில் வேறுபாடு தெரியவில்லை.

விளம்பரத் தாளில் இந்த ஆய்வுகளின் முதல் பாதி மட்டும் வரும்: 'ஆக்சிஜன் பெற்ற வீரர்கள் முன்னேற்றம் கண்டனர்.' அது உண்மையும்கூட. யாரோடு ஒப்பிட்டு முன்னேற்றம் என்று கேட்டால்தான் மறுபாதி வெளியே வரும். தினமும் ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பது, ஒருவர் அக்கறையோடு விசாரிப்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு, இவற்றுக்குப் பலன் உண்டு. அதை நாங்கள் அற்பமாக நினைக்கவில்லை. அதற்காக ஒருவர் சேமிப்பைக் கரைக்க வேண்டுமா என்பதே எங்கள் கவலை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைத்தொகுதிகளில் இருக்கும் மென்சுவர்க் கூண்டுகள், ஸிப் போட்டு மூடும் நீளமான பைபோல இருப்பவை, பெரும்பாலும் 1.3 வளிமண்டல அழுத்தம் வரைதான் போகும். ஆகாயப்படை ஆய்வில் போலிச் சிகிச்சைக்காக வைத்த அளவு அதுதான். ஆக, ஆய்வில் ஒப்பீட்டுக்காக வைத்த சிகிச்சையை இங்கே அசல் சிகிச்சையாக விற்கிறார்கள். உண்மையான உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்கு மருத்துவத்தில் உரிய இடம் உண்டு. ஆழ்கடல் முக்குளிப்பில் வரும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, ஆறாத நீரிழிவுப் புண், கதிர்வீச்சால் கெட்ட திசு போன்றவற்றுக்கு அதைக் கொடுக்கிறார்கள். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. மூளைக் காயத்துக்கு இதன் பயன் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013லேயே பொதுமக்களை எச்சரித்தது. அபாயமும் இல்லாமல் இல்லை. செவிப்பறை காயப்படலாம், பார்வை தற்காலிகமாக மாறலாம். தூய ஆக்சிஜன் நிரம்பிய கூண்டில் ஒரு தீப்பொறி விழுந்தால் போதும். 2025 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் டிராய் நகரில் இப்படிப்பட்ட கூண்டு வெடித்துத் தீப்பற்றியதில் ஐந்து வயதுச் சிறுவன் மாண்டான்.

மூளை அலைப் பயிற்சியில் காட்டும் மூளை அலை வரைபடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். தலையில் தொப்பி மாட்டி, திரையில் மூளைப் படத்தைச் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டி, 'சிவந்திருக்கும் இடம்தான் பாதிப்பு' என்பார்கள். தாடையைக் கடித்தாலும், கண்ணைச் சிமிட்டினாலும், முதல் நாள் இரவு சரியாகத் தூங்காவிட்டாலும், சில மாத்திரைகள் சாப்பிட்டாலும் அந்த வண்ணம் மாறும். தனி ஒருவருக்கு மூளை அதிர்வின் பாதிப்பு இருக்கிறதா இல்லையா என்று அந்தப் படத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. படம் பச்சையாகிவிட்டது, தலைவலி மட்டும் அப்படியே இருக்கிறது என்று முடிகிற கதைகளுக்குக் காரணம் அதுவே.

ஆயுர்வேதம், சித்தம், வர்மம் பற்றி எழுதும்போது நம் வாசகர்கள் சிலருக்கு மனம் சுருங்கலாம். அந்த மரபுகளைப் பழிப்பது எங்கள் நோக்கமல்ல. இறுகிய தோளுக்கும் பிடரிக்கும் வெதுவெதுப்பான தைலம் தடவி இதமாக நீவுவதால் பலருக்குச் சற்று நிம்மதி கிடைக்கிறது. வீட்டிலேயே செய்யலாம், தவறில்லை. எங்கள் அச்சம் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றியது, குறிப்பாக உலோகம் சேர்ந்த பஸ்பம், செந்தூரம் போன்றவை. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக ஜாமா இதழ் 2004ல் வெளியிட்டது. ஈயம் உடலில் சேர்ந்தால் என்ன ஆகும்? தலைவலி, களைப்பு, எரிச்சல், மறதி, கவனக் குறைவு. மூளை அதிர்வுக்குப் பின் நீடிக்கும் தொல்லைகளும் இவைதானே! மருந்து சாப்பிடச் சாப்பிட நோய் 'முற்றுகிறது' என்று நினைத்து அளவைக் கூட்டினால் கேடு இரட்டிப்பாகும். ஊரிலிருந்து வரவழைத்த சூரணமோ மாத்திரையோ சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், கூடவே வயிற்று வலியும் மலச்சிக்கலும் இருந்தால், டப்பாவை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டி, ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பல பாரம்பரிய மருந்துகளுக்கு விற்பனைக்கு முந்தைய ஒப்புதல் தேவையில்லை. கடையில் கிடைப்பதாலேயே ஒரு மருந்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பதைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தலையில் விழுந்த அடி பெரும்பாலும் கழுத்தையும் உலுக்கியிருக்கும். கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனியின் சுவரில் மெல்லிய கிழிசல் இருந்தால், வேகமாகத் திருப்பும்போது அது பெரிதாகிப் பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் மீட்பது கடினம். பிடரியில் இதுவரை இல்லாத புதுவிதக் கடும் வலி, பேச்சுக் குழறல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தில் யாரையும் கைவைக்க விடக்கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்பும் கைரோபிராக்டிக், ஆயுர்வேதம் ஆகியவற்றைச் செய்பவர்களுக்குச் சிங்கப்பூரில் சட்டப்படியான பதிவேடு கிடையாது. மருத்துவர்களுக்கும், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் போன்றோருக்கும், சீனப் பாரம்பரிய மருத்துவர்களுக்கும் உண்டு. அந்தந்த மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

சரி, எவற்றைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்?

படுக்கையில் புரளும்போதோ, துணிக்கம்பத்தில் துணி காயப்போட அண்ணாந்து பார்க்கும்போதோ உலகமே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா? உட்காதின் கால்சியத் துகள்கள் இடம் பெயர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தலையில் அடிபட்ட பிறகு இது அடிக்கடி வருவது. டிக்ஸ் ஹால்பைக் என்ற சோதனையில், தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, வேகமாகப் படுக்கவைத்துக் கண்களைப் பார்ப்பார்கள். கருவிழி சுழன்று துடித்தால் விடை கிடைத்துவிட்டது. சிகிச்சைக்குப் பெயர் எப்லி முறை. பாதிப்புள்ள பக்கம் தலையைத் திருப்பி, கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி படுக்கவைத்து, சுற்றல் நிற்கும்வரை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். பிறகு தலையை மறுபக்கம் 90 பாகை திருப்பிக் காத்திருந்து, உடலையும் அதே பக்கம் உருட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி வைத்துக் காத்திருந்து, மெல்ல எழுப்பி உட்காரவைப்பார்கள். இயந்திரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். காணொளியைப் பார்த்து வீட்டில் செய்பவர்களுக்கு இது பலிக்காமல் போவதற்குக் காரணங்கள் உண்டு: எந்தக் காது என்று தெரியாமல் செய்கிறார்கள், ஒவ்வொரு நிலையிலும் போதிய நேரம் காத்திருப்பதில்லை, அல்லது துகள் உட்காதின் வேறொரு குழாயில் இருக்கிறது. அடிபட்டு வந்த சுற்றலில் இரு காதும் பாதிக்கப்பட்டிருக்கலாம், இரண்டு மூன்று முறை செய்யவும் வேண்டியிருக்கலாம். கழுத்தில் காயம் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்வது கட்டாயம். இந்தக் கோளாறு உள்ளவரைத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் படுக்கவைத்து நெற்றியில் எண்ணெய் ஊற்றினால் சுற்றல்தான் கூடும், துகள் தன் இடத்துக்குத் திரும்பாது.

அடுத்தது கழுத்து. பிடரியில் தொடங்கி ஒரு பக்கமாகக் கண்வரை ஏறும் வலி, கழுத்தை அசைத்தால் கூடும் வலி என்றால் அது கழுத்திலிருந்து வருவதாக இருக்கலாம். ஒரு சோதனை மிக எளிமையானது. தலைப்பட்டையில் சிறு லேசர் விளக்கைப் பொருத்தி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, ஒளிப்புள்ளியைச் சுவர்த்தாளின் நடுவில் நிறுத்தச் சொல்வார்கள். பிறகு கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வார்கள். கண்ணைத் திறக்கும்போது புள்ளி நடுவிலிருந்து 7 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால், தலை எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் கழுத்தின் உணர்வு தடுமாறுகிறது என்று பொருள். தடுமாற்றமான நடைக்கும் மப்பான சுற்றலுக்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். பயிற்சியும் அதே விளக்கை வைத்துத்தான். கூடவே, மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல் 'ஆமாம்' என்பதுபோல் மோவாயைச் சற்றே உள்ளிழுத்து, பத்து வினாடி நிறுத்தி, பத்து முறை செய்வது. பலர் செய்யும் பிழை, கழுத்தின் முன்பக்கத்துப் பெரிய தசைகள் புடைக்கும்படி பலமாக அழுத்துவது. விரல் வைத்துப் பார்க்கும்போது அந்தத் தசை மெத்தென்று இருந்தால்தான் உள்தசை வேலை செய்கிறது. கழுத்துச் சிகிச்சையையும் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்த கனடிய ஆய்வு ஒன்று 2014ல் வெளியானது. விளையாட்டில் அடிபட்டுத் தொல்லை தொடர்ந்த 12 முதல் 30 வயதுக்காரர்கள் 31 பேர் அதில் சேர்ந்தார்கள். எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்ப மருத்துவ அனுமதி பெற்றவர்கள் சிகிச்சைக் குழுவில் 73 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 7 விழுக்காடு. சிறிய ஆய்வுதான். ஆனால் ஆக்சிஜன் கூண்டு காட்டாத வேறுபாட்டை அது காட்டியது.

கண்ணுக்கு, பேனா முனையை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்து, எந்தத் தொலைவில் இரண்டாகத் தெரிகிறது என்று பார்ப்பார்கள். ஏறக்குறைய 5 அல்லது 6 சென்டிமீட்டர் வரை ஒன்றாகத் தெரிய வேண்டும். அதற்கு வெகுமுன்பே இரண்டானால், பேருந்தில் கைப்பேசி பார்த்தாலே தலை வலிப்பதற்கு விளக்கம் கிடைத்துவிடும்.

எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்காமல் விடப்படும் காரணம் அளவுக்கு மீறிய மாத்திரை. பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். கோடீன் கலந்த மாத்திரைகளுக்கும் ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான்களுக்கும் அந்த வரம்பு 10 நாள்தான். வெவ்வேறு மருந்தகங்களில் வாங்கிய பனடோலையும், வேறு பெயரில் அதே பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரையையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். நாள்காட்டியில் மாத்திரை சாப்பிட்ட நாள்களை வட்டமிட்டாலே போதும். நிறுத்தும்போது முதல் சில நாள்கள், சிலருக்குப் பத்து நாள் வரை, வலி கூடும். அங்கேதான் பலர் பயந்து மறுபடி எடுத்துவிடுகிறார்கள். கோடீன் போன்றவற்றை மருத்துவர் சொல்லும் விதத்தில்தான் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்காமல் தலைவலிக்கு நாற்பது முறைத் தொகுப்பு விற்பவர் தலைவலியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்றுதான் சொல்வோம்.

இனி, யாரும் விற்காத மருந்து ஒன்று இருக்கிறது. இருட்டறையில் வாரக்கணக்கில் ஓய்வு என்பது பழைய அறிவுரை. 2022ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அனைத்துலக நிபுணர்கள், முதல் ஓரிரு நாள் மிதமான ஓய்வு, அதன் பிறகு அளவான நடமாட்டம் என்று உறுதிப்படுத்தினார்கள். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகக் குழு 2019ல் வெளியிட்ட ஆய்வில், அடிபட்ட முதல் பத்து நாளுக்குள் சேர்ந்த 103 பதின்ம வயதினரில் இதயத் துடிப்பை ஏற்றும் அளவான ஏரோபிக் பயிற்சி செய்தவர்கள் நடுமதிப்பாக 13 நாளிலும், தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள். தொல்லை நீடிப்பவர்களுக்கும் இப்போது இதே முறையைத்தான் பயன்படுத்துகிறோம். டிரெட்மில்லில் நடக்கவைத்து, நிமிடத்துக்கு ஒரு படி சரிவைக் கூட்டி, எந்த இதயத் துடிப்பில் தலைவலியோ சுற்றலோ தெளிவாகக் கூடுகிறது என்று பார்ப்போம். 140ல் கூடுகிறது என்றால் பயிற்சியை 112லிருந்து, அதாவது 80 விழுக்காட்டிலிருந்து தொடங்கலாம். நாளுக்கு 20 நிமிடம், வாரத்தில் ஐந்து ஆறு நாள். நடைப்பயிற்சியோ நிலையான சைக்கிளோ போதும். தொடங்குமுன் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சற்றே கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் கவலை வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடிப்பை ஐந்து பத்து கூட்டலாம். நம் ஊர் நண்பகல் வெயிலில் நடந்தால் வரும் கிறுகிறுப்பு கணக்கைக் குழப்பிவிடும். காலையில் பூங்கா இணைப்புப் பாதையிலோ, மழை நாளில் அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலோ நடப்பது சரி. தலைவலிக்காகப் புரோப்ரனலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, ஆகவே எண்ணை நம்பாமல் மூச்சு வாங்குவதையும் தலைவலி மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. 'நல்ல நாளில்' ஒரே மூச்சில் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்வதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் சறுக்கல்.

மூத்தோர் உள்ள குடும்பங்கள் இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்த அறுபது, எழுபது வயதுக்காரருக்கு, அதிலும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவருக்கு, மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்ல மெல்லச் சேரும். முதல் நாள் ஸ்கேன் சரியாக இருந்தும் மூன்று நான்கு வாரம் கழித்து வெளிப்படலாம். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, கால் இழுத்தல், குழப்பமான பேச்சு, பகலெல்லாம் தூக்கம் இருந்தால் அதைத் 'தீராத மூளை அதிர்வு' என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக்கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மண்டையில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடித்தால் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். எந்த வயதினருக்கும் திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு பக்கப் பலவீனம், மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் வடிதல் இருந்தால் இதே விதி.

பணம் பற்றி. நான்கு வாரம் தாண்டியும் தொல்லை தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குவதே சிக்கனமான வழி. நேராகத் தனியாராகச் சென்றால் கிடைக்காத மானியக் கட்டணம் அந்த வழியில் கிடைக்கும். காத்திருக்க வேண்டியிருக்கும், அது உண்மை. காத்திருக்கும் நாள்களில் மேலே சொன்ன மாத்திரைக் கணக்கையும் நடைப்பயிற்சிக் குறிப்பையும் எழுதி வைத்தால் முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஆயுர்வேதம், கைரோபிராக்டிக், ஆக்சிஜன் கூண்டு நிலையங்களில் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது.

கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் அடிபடும் நம் ஊழியர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ், 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரையிலோ விபத்திலிருந்து ஓராண்டு வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும். மருத்துவர் தேவை என்று சொல்லும் பிசியோதெரபியும் அதில் அடங்கும். தம் சொந்தப் பணத்தில் எங்கோ சிகிச்சை எடுத்தால் அந்தச் செலவு திரும்பி வராது. மருத்துவமனைப் பதிவேட்டிலும் தொல்லை தொடர்ந்ததற்குச் சான்று இருக்காது, நிரந்தர இயலாமையை மதிப்பிடும்போது அது பாதகமாகும். இழப்பீட்டுக் கோரிக்கையை ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போய்ச் சிகிச்சை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் இதை முதலில் முடித்துக்கொள்வது அவசியம்.

அப்படியும் ஒரு நிலையத்தில் சேரத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், தொகுப்பாக வாங்காமல் ஒவ்வொரு முறைக்கும் தனியாகக் கட்டுங்கள். எந்தப் பரிசோதனையில் என்ன கண்டு இதைப் பரிந்துரைக்கிறார்கள், நான்கு வாரத்தில் எது எவ்வளவு மாறவேண்டும், மாறாவிட்டால் மீதிப் பணம் என்னாகும் என்று மூன்று விடையை எழுத்தில் வாங்குங்கள். சட்டப்படியான ஐந்து நாள் மனமாற்றக் காலம் வீடு தேடிவந்து விற்பது போன்ற சில வகை ஒப்பந்தங்களுக்குத்தான் உண்டு. கடைக்கு நாமே போய் வாங்கிய தொகுப்புக்கு அது பொதுவாகப் பொருந்தாது. பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் நற்சான்று முத்திரை பெற்ற ஸ்பா, நலவாழ்வு நிலையங்கள் அந்தக் காலத்தைத் தாமாகவே வழங்குகின்றன. பொய்யான வாக்குறுதி கொடுத்து விற்றிருந்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. விளம்பரத்தின் படத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

மக்கள் இந்த நிலையங்களை நாடுவதற்கு மருத்துவத் துறையும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. 'ஸ்கேன் சரியாக இருக்கிறது' என்று ஒரு வரியோடு அனுப்பப்பட்டவர், தன் வலியை யாரும் நம்பவில்லை என்று நினைக்கிறார். முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போகிறார். சிடி ஸ்கேன் காட்டுவது ரத்தத்தையும் எலும்பையும்தான். நரம்பிழைகளின் தடுமாற்றமும் கழுத்தும் உட்காதும் அதில் தெரியாது. இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, அபாய அறிகுறிகளோடு, நான்கு வாரத்தில் தேறாவிட்டால் எங்கே போவது, எந்தப் பரிசோதனைகளைக் கேட்பது என்பதையும் தமிழில் அச்சிட்ட ஒரு தாளாகக் கொடுக்க மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஊழியர் தங்கும் விடுதிகளின் மருந்தகங்களிலும் அந்தத் தாள் இருக்க வேண்டும். தங்கள் நாளிதழும் அதை ஒரு முறை முழுப் பக்கமாக வெளியிட்டு உதவினால், வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளப் பலருக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைக்காய மறுவாழ்வுத் துறையில் பணியாற்றும் இரு வாசகர்கள்
தோ பாயோ, சிங்கப்பூர்